களர்

உப்பு மண் என்று பொதுவாகச் சொன்னாலும் உவர் வேறு, களர் வேறு. உவரில் உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் பெரும்பாலும் போய்விடும். களரில் சோடியம் களிமண் துகள்களையே பற்றிக்கொண்டிருக்கிறது. துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். திருச்சிக்குத் தெற்கே மணிகண்டம் பக்கம் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் இப்படிப்பட்டது.

கல்லாதவனுக்கு வள்ளுவர் சொன்ன உவமை களர். பி.ஏ. ஆங்கிலம் முடித்த புதிதில் நானும் ஒரு மதிப்புரையில் ஒரு கவிஞரை அப்படி எழுதி, வாக்கியம் நன்றாக விழுந்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவர் அப்புறம் எழுதவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்பது அந்த உவமைக்குள் இருக்கும் தீர்ப்பு. களரின் கோளாறோ இருக்கக்கூடாதது இருப்பது.

அப்பா இரண்டு வருஷம் யூரியாவைக் கூட்டிக் கூட்டிப் போட்டார். பிறகுதான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கார அமில நிலை 9.4. ஜிப்சம் போடச் சொன்னார்கள். அப்பா அதையும் உரம் என்றே நினைத்தார்; நானும்தான். ஆங்கிலத்தில் சட்டத்திருத்தத்துக்கு வழங்கும் சொல்லே மண்ணில் இடும் இதற்கும் வழங்குகிறது. ஆங்கிலம் படித்த எனக்கு அது உறைக்க ஒரு போகம் வீணாக வேண்டியிருந்தது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பெயர்ந்த சோடியம் சல்பேட்டாகித் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் வெளியேறியாக வேண்டும்.

எங்களுக்குக் கீழ் வயல் சித்தப்பாவுடையது. பாகப் பிரிவினைக்குப் பிறகு அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு கிடையாது. முதல் வருஷம் அப்பா ஜிப்சத்தைத் தூவி, உழுது, தண்ணீர் கட்டி, வரப்பை அடைத்தே வைத்திருந்தார். தண்ணீர் வெயிலில் வற்றியது. சோடியம் வயலிலேயே இருந்தது. நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவன். மூட்டைக் கணக்குக் கேட்கத் தெரிந்த எனக்கு, வடிகால் இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்கத் தோன்றியதில்லை.

அடுத்த ஆடியில் வரப்பை வெட்டிவிடலாம் என்றேன்.

"நம்ம உப்பைக் கொண்டுபோய் அவன் சோத்துல கொட்டச் சொல்றியா?" என்றார் அப்பா.

அவரே போய்ச் சித்தப்பாவிடம் கேட்டார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. ஓடை வரைக்கும் வாய்க்கால் வெட்ட, வரப்போரமாக இரண்டடி அகலத்துக்குத் தன் நிலத்தை விட்டார் சித்தப்பா. அதற்கு ஈடாக எங்கள் வயலில் அவ்வளவே எடுத்துக்கொண்டார். களர் என்று தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார். ஓடைக்குக் கீழேயும் யாருக்கோ வயல் இருக்கும். அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

மறுபடி ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்து வடித்தோம். நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறது. வாய்க்கால் பக்கம் இடுப்புயரம். மேற்கே இன்னும் திட்டுத்திட்டாகத்தான்.