கரைக்கடலும் கணவாயும்

யாழ்ப்பாணம் பாசையூர்ச் சந்தையில் அண்மையில் இருவகைக் கணவாய்களைப் பார்த்தேன். அகன்ற ஓட்டுக் கணவாயின் உள்ளே வெள்ளை ஓடு இருக்கும். நீண்டு ஒடுங்கிய ஊசிக் கணவாயிலோ கண்ணாடி போன்ற மெல்லிய தகடு மட்டுமே.

அங்கிருந்த ஊசிக் கணவாய்கள் ஒரு சாண் நீளந்தான். ஆனால் அதன் உறவினருள் இராட்சதர்களும் உண்டு. 2007இல் தென்துருவத்தை அண்டிய றொஸ் கடலில் பிடிபட்ட கணவாய் 495 கிலோ நிறை. அது நியூசிலாந்தின் வெலிங்டன் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. 2025இல் அவ்வினக் குஞ்சொன்று முதன்முறையாகக் கடலுக்குள் உயிருடன் படம்பிடிக்கப்பட்டது. 600 மீற்றர் ஆழத்தில் நீந்திய அதன் நீளம் சுமார் 30 சென்ரிமீற்றர்.

இராட்சதக் கணவாய்க்கு ஆழ்கடலே அரண். நமது ஊசிக் கணவாய் வாழ்வதோ கரையை அண்டிய கடலில். முட்டைகளைக் கொத்துக் கொத்தாகக் கடலடியில் ஒட்டிவைக்கும். அதன் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. இழுவைமடி கடலடியைச் சுரண்டினால் முட்டைகளும் அழியும். அடுத்த பருவத்தில் பிடிபாடு குறையும். இலங்கையில் இழுவைமடி 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

சகோதரிகளே, கணவாயை நம்பி அடுப்பெரியும் மீனவக் குடும்பங்களுக்கு அந்த முட்டைகளே நாளைய சேமிப்பு.