மாரியும் துவக்கும்

மழைக்குப் பயந்து துவக்கைப் பொத்திப் பொத்தி வைப்பவனுடைய துவக்கே முதலில் துருப்பிடிக்கும் என்பார் என் பெரியப்பா. ஒட்டுசுட்டான் பக்கத்தில் காடு வெட்டி வயல் செய்தவர் அவர். அனுமதிப்பத்திரத்துடன் கூடிய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. மழையில் நனைந்து கெட்ட துவக்குகளைவிட, நனையாமல் ‘பாதுகாக்கப்பட்டு’க் கெட்ட துவக்குகளே அதிகம் என்பது அவருடைய துணிபு. சிறுவனாக அதனைக் கேட்டபோது முரண்பேச்சாகவே தோன்றியது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபின் நூல்களைப் புரட்டியபோதுதான், அவர் சொன்னவற்றுக்கெல்லாம் இரசாயனம் சாட்சி சொல்வது தெரிந்தது.

வன்னியில் துவக்குக்கு வேலை வரும் காலமும் மழைக்காலமும் ஒன்றேயாகும். காலபோக நெல்லைப் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்தால், கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை கொட்டும். கதிர் பால்பிடிக்கும் நாட்களில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். வயற்காவலுக்குப் பரணில் இருப்பவன் இரவு முழுவதும் சாரலில் நனைந்த துவக்கோடு இருக்க வேண்டும். வெய்யிற்காலம் பார்த்து வேட்டைக்குப் போகும் கனவானுக்கு இந்தத் தொல்லை இல்லை. கமக்காரனுக்கோ தவிர்க்க வழியில்லை. ஆகவே துவக்கை உலர்வாக வைத்திருக்கும் வித்தை எங்கள் பகுதியில் வேட்டைப் பிரியத்தால் வளர்ந்ததன்று, வயிற்றுப்பாட்டால் வளர்ந்தது.

இரும்பு துருப்பிடிப்பதற்கு அதன்மேல் மழைத்துளி விழ வேண்டுமென்பதில்லை. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டினாலே போதும். தூசியும் வியர்வை உப்பும் படிந்த இரும்பு, காற்றிலிருந்தே தனக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொள்ளும். மாரிகாலத்து வன்னியில் இரவுக் காற்று அந்த எல்லைக்குக் கீழே இறங்குவது அரிது. அதற்கு மேலாக இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த இரும்பை வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றுக்குள் கொண்டுவந்தால் அது வியர்க்கும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியதும் புகைப்படக் கருவியின் வில்லை மங்கிப்போவதை எங்கள் தொழிலில் உள்ள எவரும் அறிவர். வில்லை மங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. குழலின் உட்புறம் வியர்த்தால் யாருக்குத் தெரியும்?

துணி உறையும் தோல் உறையும் இங்கேதான் பகையாகின்றன. காட்டிலிருந்து வீடு வரும்வரை உறை நல்லது. வந்தபின் துவக்கை அதற்குள் விட்டுவைத்தால், உறை குடித்த ஈரமெல்லாம் இரும்புக்கே போகும். பதனிட்ட தோலில் எஞ்சியிருக்கும் உப்பும் அமிலமும் சேர்ந்தால் வேறு வினையே வேண்டாம். குழல்வாயில் துணியை அடைத்து வைப்பவர்களும் உண்டு. பூச்சி புகாமலிருக்க அது உதவும். உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியேற விடாது. பெரியப்பாவின் துவக்கு உறையின்றிச் சுவரோரம், குழல்வாய் கீழ்நோக்கியபடி நின்றது. அப்படி நிறுத்தினால், மிகுதியான எண்ணெய் வடிந்து சோங்கின் மரத்துக்குள் ஊறாது. தோட்டாக்கள் வேறிடத்தில், மூடியிட்ட தகரப் பேணியில் இருந்தன. அந்நாளில் தோட்டாவின் உடல் கடதாசியாலானது. ஈரம் பட்டால் உப்பிக் குழலுக்குள் நுழையாது. 1960களில் பிளாஸ்ரிக் தோட்டாக்கள் வரத்தொடங்கிய பின்னரும் பழைய கையிருப்புத் தீரும்வரை இந்தத் தொல்லை இருந்தது.

றைபிள் வைத்திருப்போருக்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். .22 போன்ற சிறுதுளைக் குழலில் நுழைந்த நீர், நுண்குழாயில் நிற்பதுபோல நின்றுவிடும். வாயைச் சாய்த்த மாத்திரத்தில் முழுவதும் வடியாது. நீரோ சேறோ அடைத்த குழலில் வெடி வைத்தால் குழல் வீங்கும். வெடித்துச் சிதறவும் கூடும். அதனால் ரவையை அகற்றி, பின்வாயைத் திறந்து, குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். சோங்கின் மரமும் ஈரத்தைக் குடித்து ஊதும். ஊதிய மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கினால், நேற்றுவரை நேராகப் போன ரவை இன்று விலகும். நனைந்த சோங்கை அடுப்படியில் சாத்தி உலர்த்துவது அவசரக்காரர் வேலை. மரம் வெடிக்கும். நிழலிலே, காற்றிலே, மெல்ல உலர வேண்டும்.

எண்ணெய் பூசினால் போதும் என்று நினைப்பவர்கள் எந்த எண்ணெய் என்று கேட்பதில்லை. எங்கள் வீடுகளில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் விசை இறுகி நிற்பதற்கு அதுவே காரணம். நாட்பட்டால் சிக்கல் நாற்றமெடுத்து அமிலமாகி, காக்க வேண்டிய இரும்பையே தின்னும். பெரியப்பா பயன்படுத்தியது பெரியம்மாவின் தையல் மெசின் எண்ணெய். அதையும் துணியில் ஒற்றி, மெல்லிய படலமாகத்தான் பூசுவார். எண்ணெய் பூசுமுன் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய எண்ணெய் ஈரத்துக்குப் போர்வை.

இரும்பைப்பற்றி இவ்வளவு சொன்னால் போதாது. மருந்தைப்பற்றியும் சொல்ல வேண்டும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்று கலந்த கருமருந்து, நனைந்தால் வெறும் சேறு. 1757 ஜூன் 23ஆந் திகதி பிளாசிப் போர்க்களத்தில் பெய்த மழையின்போது ஆங்கிலேயர் தம் மருந்தைத் தார்ப்பாயால் மூடினர். நவாபின் படையினர் மூடவில்லை. எதிரியின் மருந்தும் நனைந்திருக்கும் என்று நம்பிக் குதிரைப்படையோடு பாய்ந்த மீர் மதன் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். அரை நூற்றாண்டின் பின், 1807இல், ஸ்கொட்லாந்துப் பாதிரியாரும் வேட்டைப்பிரியருமான அலெக்சாண்டர் போர்சைத், அடித்தால் தீப்பற்றும் மருந்தைக் கொண்டு துவக்கை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே எங்கள் இடியன் துவக்கின் கேப்பு. மழையில் வேட்டையாடுவது அதன் பின்னரே ஓரளவு இயலுமாயிற்று.

ஆனால் மருந்து எரிந்த பிறகுதான் வினை தொடங்குகிறது. கருமருந்தின் கசடு காற்றிலுள்ள நீரை இழுக்கும். இரவு வெடித்த இடியனை அப்படியே சாத்திவிட்டுப் படுத்தால் விடியும்போது குழல் சிவந்திருக்கும். பழைய .303 றைபிள் ரவைகளிலும் இதே குணம் இருந்தது. அவற்றின் தீமூட்டியிலிருந்த பொட்டாசியம் குளோரேற்று எரிந்து, சாப்பாட்டு உப்பை ஒத்த ஓர் உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. கரைப்பது நீர். பிரித்தானியச் சிப்பாய்கள் சுட்ட துவக்கின் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவியது அதனாலேதான். சூடேறிய இரும்பு தானாகவே உலர்ந்துவிடும், பின்பு எண்ணெய். ஈரத்துக்குப் பயந்தவன் இந்த வேலையைச் செய்யமாட்டான். ஈரத்தை அறிந்தவன் செய்வான்.

ஒவ்வொரு மாரி இரவின் முடிவிலும் பெரியப்பா இந்த வேலைகளை வரிசையாகச் செய்வார். தோட்டாவை எடுப்பார், எண்ணுவார், திறந்து பார்ப்பார், துடைப்பார். அது துவக்குக்கான பராமரிப்பு மட்டுமன்று என்பது இப்போது விளங்குகிறது. நாள்தோறும் துடைக்கப்படும் துவக்கில் ரவை இருக்கிறதா, எத்தனை தோட்டா செலவாயிற்று, யார் கை பட்டது என்பவையெல்லாம் ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்கும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் அதைத்தான் வேறு மொழியில் கேட்கிறது: துவக்குக்கு ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயருக்குரியவன் பதில் சொல்ல வேண்டும். இதற்கு நேர் எதிரானது கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில், ரவை நிரப்பிய நிலையில், மழையில் கிடக்கும் அதைத் துடைப்பாரில்லை. விறகுக்குப் போகும் பெண்ணையும் பன்றியையும் அது பிரித்தறியாது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் அத்தகைய கால்களை நிறையக் கண்டுவிட்டன.

எண்பதுகளின் நடுப்பகுதியில் வடக்கிலிருந்த அனுமதிப்பத்திரத் துவக்குகள் பல வழிகளில் வீடுகளை விட்டுப் போயின. சில பொலிஸில் ஒப்படைக்கப்பட்டன. சில இரவில் வந்தவர்களால் கொண்டுபோகப்பட்டன. பெரியப்பாவின் துவக்கு முதல் வழியிற் போயிற்று. ஒப்படைக்கும் நாள் காலையில் அதை வழக்கம்போலத் துடைத்து எண்ணெய் பூசினார். “குடுக்கப்போற துவக்குக்கு ஏனப்பா இந்தக் கூத்து?” என்று பெரியம்மா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. துணைக்கு நான் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரியிடம், “ஐயா, உறைக்குள்ளை வையாதேங்கோ. மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் போட்டால் காணும்” என்றார். அந்த அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, ஏற்கெனவே மூலையில் அடுக்கியிருந்த துவக்குகளின் மேல் அதையும் வைத்தார்.

துவக்கு திரும்பி வரவில்லை. அடுத்துவந்த மாரியில் பெரியப்பா தகரத்தைத் தட்டியும் தீப்பந்தம் கொளுத்தியும் வயல் காத்தார். அவருக்குப் பின்னர் பெரியம்மா, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கரையோரம்வரை போய் முகாமுக்கு வந்தபோது, காணி உறுதியோடும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடும் அந்தப் பற்றுச்சீட்டையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பிற் கட்டிக் கொண்டுவந்தார். வீடு, கூரை, நெல், மாடு எல்லாம் போயின. அந்தத் துண்டு நனையவில்லை.

இன்று அதே வயலைச் செய்யும் பெரியப்பாவின் மகன் புதிய துவக்கொன்றுக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டின் பிரதியையும் இணைக்கிறான். அதனால் பயனுண்டா என்று நான் கேட்பதில்லை. சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும் அதில் பெரியப்பாவின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், துவக்கின் இலக்கம், குழல்கள் இரண்டு என்ற விபரம் எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியில், துவக்கின் நிலை என்ற இடத்தில், ‘நல்லது’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.