அரை நூல்

எங்கள் கிணற்றடி வேம்பு ஓர் ஆடிக் காற்றில் சாய்ந்தது. விறகுக்குக் கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. அறுத்துத் துண்டு போட்டு இரண்டு வருடம் நிழலில் அடுக்கி வைத்திருந்தார். புது வீட்டுக்கு அதில்தான் நிலவு, அதாவது கதவு நிலை, என்று முடிவானதும், டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஜேடர்பாளையம் போனேன். அணைக்கட்டில் மீன் வறுவல் தின்னவே அந்த ஊருக்குப் போய்ப் பழகியவன் நான். ராஜா வாய்க்காலை ஒட்டி, வாழைத் தோட்டத்துக்கும் வெல்ல ஆலைக்கொட்டகைக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு மரப்பட்டறை இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

மொத்தம் நாலு பேர். மூத்தவர் தச்சாசாரி, அறுபதைத் தாண்டியவர். மற்ற மூவருக்கும் அவர் மாமா. அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் நுனிக்கணு இல்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“இது இங்க போனதில்லீங்க. வேற ஊரு, வேற பட்டறை” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. மரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

பார்ப்பது என்றால் கையால் தடவிப் பார்ப்பது. தோட்டத்து மரம் என்றாலே அவருக்குச் சந்தேகம்தான். வேலிக் கம்பி கட்டியிருப்பார்கள், ஆடு கட்ட ஆணி அடித்திருப்பார்கள், போர்டு மாட்டியிருப்பார்கள். மரம் அதையெல்லாம் விழுங்கிவிட்டு மேலே பட்டை மூடிக்கொள்ளும். கருவேலமாக இருந்தால் இரும்பு கிடக்கிற இடம் மை கொட்டியது போலக் கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடுமாம். வேம்பு அவ்வளவு சீக்கிரம் சொல்லாதாம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டித் துண்டு துண்டாக ஊர விட்டார். மூன்றாவது துண்டில் காந்தம் தலையைத் திருப்பியது. உளியால் நோண்டினால் மூன்று அங்குல ஆணி. எங்கள் வீட்டில் யார் அடித்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்துச் சிறு பட்டறைகளில் இருக்கிற மாதிரியான மிஷின்தான் அங்கேயும் இருந்தது. ஒரே தண்டில் நடுவே இழைக்கிற கத்தி உருளை, ஓரத்தில் வட்ட ரம்பம். ஒரு மோட்டார், ஒரு பெல்ட். இடமும் காசும் மிச்சம். ஆனால் இழைக்கும்போது ரம்பமும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை செய்கிற கத்தியைத்தான் கண் பார்க்கும், வேலையில்லாத பிளேடு இடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். இழைப்பு வேலை மட்டும் இருக்கிற நாளில் மாமா பிளேடைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார். கழற்றி மாட்ட ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம் ஆகும். பீஸ் ரேட்டில் வேலை நடக்கிற இடத்தில் இந்தப் பத்து நிமிஷத்தை யார் கொடுப்பார்கள் என்று யோசித்தேன்.

அன்றைக்கு அவர் செய்ததில் ஒன்று மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. முதலில் மெயினை இறக்கினார். ஃபியூஸ் கேரியரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது என்ர பாக்கெட்டுல இருக்கற வரைக்கும் ஒருத்தனும் ஓட்ட முடியாதுங்க.” பிறகு நேரான தேக்குச் சட்டம் ஒன்றைப் பின் மேசையில் வைத்து, அதன் முனையைக் கத்தி உருளைக்கு மேலே நீட்டினார். மேசை விளிம்புக்கு நேராகச் சட்டத்தில் ஒரு பென்சில் கோடு. பெல்ட்டைக் கையால் மெல்லத் தள்ளினார். கத்தி மேலே வந்து சட்டத்தின் அடியைத் தொட்டு, தன்னோடு கொஞ்ச தூரம் இழுத்துப் போய் விட்டுவிட்டுக் கீழே இறங்கியது. மறுபடி விளிம்புக்கு நேராக ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு நூல்.

தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்றால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். உருளையின் இந்தப் பக்கம் ஒரு நூல் இழுத்த கத்தி, அந்தப் பக்கம் அரை நூல்தான் இழுத்தது. அதாவது அந்த முனை ஒரு முடி அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. திருகைத் தளர்த்தி, ஒரு தட்டு தட்டி, மறுபடி சட்டத்தை வைத்து, மறுபடி பெல்ட்டைத் தள்ளி... இரண்டு கத்திக்கும் இரண்டு முனையிலும் ஒரே இழுப்பு வரும்வரை முக்கால் மணி நேரம். நான் இரண்டு டீ குடித்துவிட்டேன்.

“நிலவு நேரா வரோணும்னா இவ்வளவு பாக்கோணுங்களா?”

“நிலவுக்கு மட்டுமில்லீங்க. கத்தி சமமா இல்லீன்னா, மழுங்கிக் கெடந்தா, மரம் முன்னால போகாது. அமுக்கித் தள்ளுவோம். தள்ளற கைதான் வழுக்கி உள்ள போகும்.”

எனக்கு இது புதிது. பாதுகாப்பு என்பது சுவரில் ஒட்டுகிற போஸ்டர், அளவு என்பது தொழில் என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். அவருக்கு இரண்டும் ஒரே வேலை. வட்ட ரம்பத்திலும் அதே கதைதான். மரம் சாய்ந்து ஓடும் பக்கத்தடுப்பு பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரே பல்லில் பென்சில் அடையாளம் வைத்து, அந்தப் பல்லை முன்னால் நிறுத்தி ஒரு அளவு, பின்னால் திருப்பி ஒரு அளவு எடுத்தார். பின்பக்கம் தடுப்பு நெருங்கியிருந்தால் மரம் பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் இறுகும். பிளேடின் பின்பாதிப் பற்கள் கீழிருந்து மேலே எழுகிறவை. அவை மரத்தைத் தூக்கி, நிற்கிற ஆள்மேலேயே வீசும். 10 அங்குலப் பிளேடு நிமிஷத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 138 கிலோமீட்டர். நாமக்கல் லாரி எதுவும் அந்த வேகத்தில் ஓடாது. அதனால்தான் மாமா பிளேடுக்கு நேரே நிற்பதில்லை, ஓர் அடி இடது பக்கம் ஒதுங்கித்தான் நிற்கிறார். அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கப் பிளேடின் முதுகுக்குப் பின்னால் ஒரு தகட்டை நட்டு வைத்திருந்தார். கடையில் வாங்கியதல்ல, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது.

மேல்மூடிக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. மூலையில் தூசியோடு கிடந்தது. “கோடு மறைக்குதுங்க” என்றார் சின்னவர். மறைக்கத்தான் செய்கிறது, பொய்யில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் துடைத்து மாட்டிச் சந்தனம் வைப்பார்களாம். அதற்குப் பதில் பிளேடை மரத்துக்கு மேலே பல் உயரத்துக்குத்தான் விடுகிறார்கள், கடைசி ஒரு சாணைக் கையால் தள்ளாமல் நுனியில் வெட்டுப் போட்ட குச்சியால் தள்ளுகிறார்கள். கையுறை கிடையாது. பிளேடு துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். பட்டறைப் பையன் மணிக்கட்டில் மாரியம்மன் நோன்புக்குக் கட்டிய கயிற்றின் வால் தொங்கியது. மாமா கத்தரியை எடுத்து முடிச்சோடு ஒட்ட நறுக்கினார். சாமிக்குத்தம் இல்லை என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-இல் கண்டுபிடித்த ரம்பத்தைப் பற்றிச் சொன்னேன். தோல் பட்டால் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் பிளேடு நின்றுவிடும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “ஈர மரம் பட்டாலும் நின்னுருமுங்களா?” நிற்கத்தான் செய்யும். தோலிலும் ஈரத்திலும் மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் அது ஆளை அடையாளம் காண்கிறது. ஒரே கேள்வியில் இடத்தைத் தொட்டுவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விரல் கதை வந்தது. சுவிட்சை அணைத்தாகிவிட்டது. சத்தம் இறங்கிவிட்டது. பிளேடு நிற்கவில்லை. மேசையிலிருந்த தூளைக் கையால் தள்ளினார். அவ்வளவுதான். “வலி அப்புறந்தானுங்க வந்துச்சு. மொதல்ல தூளு செவப்பாத் தெரிஞ்சுது.” அந்தப் பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததோடு சரி.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரலுக்கெல்லாம் கணக்கு இருந்தது. பெருவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. ஒரு கணு மட்டும் என்றால் 9. மாமாவிடம் சொன்னேன். “ஒம்போதுங்களா” என்று விரலைத் திருப்பிப் பார்த்தார். சுற்றும் இயந்திரத்துக்கு வேலி போடச் சொல்லும் 21-ஆவது பிரிவு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்கிற இடத்தைத்தான் தொழிற்சாலை என்று எண்ணியது. 2020-இன் தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. நாலு பேர் பட்டறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் அப்போதுதான் கேட்டது. பையன் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். தோட்டத்து மோட்டாருக்கு நாங்கள் ஆட்டோ சுவிட்ச் மாட்டியிருக்கிறோம், கரண்ட் வந்ததும் தானாக ஓடும். பட்டறையில் அந்தப் பேச்சே கூடாதாம். கரண்ட் போனால் இங்கே ஸ்டார்ட்டர் தானாக விழுந்துவிடும், ஆள் போய் அமுக்கினால்தான் திரும்ப எழும். அப்படியும் சிவப்பை அமுக்குவது மாமா போட்ட பழக்கம்.

இருபது நிமிஷத்தில் பல்பு எரிந்தது. மிஷின் எழவில்லை. பையன் பச்சைப் பொத்தான் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தான். என்னையும் பார்த்தான். நான் கத்தி உருளைக்குப் பக்கத்தில் கிடந்த என் நிலவுச் சட்டத்தின்மேல் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

“சார், கை.”

எடுத்துக்கொண்டேன்.