பதிவுக்கு ஓர் இஜாஸா

நாகூர் குலாம் காதிறு நாவலர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டார் என்றே எழுதுகிறோம். படித்தார் என்று எழுதுவதில்லை. செவியே ஏடாக இருந்த காலம் அது. இன்றோ ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் வகுப்பு முழுவதையும் விழுங்கிவிடும் கைப்பேசி இருக்கிறது. வகுப்பறைப் பதிவுக்கு விதி வேண்டும் என்ற பேச்சு எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்தபோது, முற்றாகத் தடுத்துவிடலாம் என்றோரே மிகுதி.

அவர்தம் அச்சம் பொய்யன்று. ஒரு கருத்தை மறுக்குமுன் அதனை வலுவாக எடுத்துரைப்பது நம் போதனை முறை. அந்த முற்பகுதியை மட்டும் நறுக்கி ஊரெங்கும் அனுப்பினால் ஆசிரியர் கதி என்ன? அன்றியும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த மாணவி தயங்கித் தயங்கி ஐயம் கேட்கிறாள். அவள் முகமும் குரலும் பிறர் கைக்குப் போகும் என்றால் மறுநாள் வாய் திறப்பாளா?

இவ்வினா நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டவற்றையெல்லாம் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) எழுதிவந்தார்கள். கோபத்திலும் மகிழ்விலும் பேசும் மனிதரின் எல்லாச் சொல்லையுமா எழுதுவது என்று குறைஷியர் தடுத்தனர். அவர்கள் எழுதுவதை நிறுத்தி, நாயகத்திடமே சென்று கேட்டு, அனுமதி பெற்றுத் தொடர்ந்தார்கள். அந்தத் திருவாயிலிருந்து உண்மையன்றி வேறு வாராது. எம்போன்ற ஆசிரியர்க்கு அந்த உறுதி ஏது? எனவேதான் பின்வந்த ஹதீஸ் கலை அறிஞர்கள், மாணவர் எழுதியதை ஆசிரியர்முன் படித்துக்காட்டித் திருத்திக்கொள்வதையும், இஜாஸா பெற்றே பிறர்க்கு அறிவிப்பதையும் முறையாக்கினர்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ அவ்வழியே செல்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1994-இன் திருத்தத்திற்குப்பின், விரிவுரையாளரையும் நிகழ்த்துநராகக் கொள்கிறது. (அப்பட்டியலில் எமக்கு முன்னே நிற்பவர் பாம்பாட்டி!) அவர் இசைவின்றிப் பதிவு கூடாது, ஆயினும் சொந்தப் பயனுக்கோ, நேர்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ செய்யும் பதிவை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அவர்தம் தேவைக்குத் தக்க வசதியைக் கல்வி நிறுவனங்கள் செய்துதரப் பணிக்கிறது. ஆதலால் முழுத் தடை என்பது எவ்வாறு பொருந்தும்?

தடைக்கு நான் கைதூக்காமைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒலிநாடாக் காலத்தில் இராசிபுரம் பக்கத்திலிருந்து பேருந்தேறி வந்த பார்வையற்ற மாணவர் ஒருவர், "ஐயா, தங்கள் பாடத்தைப் பதிந்துகொள்ளலாமா?" என்று வேண்டினார். மேசைமேல் அவர் வைத்த பழைய டேப் ரிக்கார்டரைக் கண்டதும் என் நா தடுமாறியது. சொல்லை எண்ணி எண்ணிப் பேசினேன். ஒரு வாரம் கழித்து வந்தார். "ஐயா, நண்பன் சீறாப்புராணத்தைப் படித்துக்காட்டினான். மானுக்குப் பிணை நின்ற படலம் நுபுவ்வத்துக் காண்டத்தில் இருக்கிறது. தாங்கள் விலாதத்துக் காண்டம் என்று சொன்னதாக நாடாவில் கேட்கிறது" என்றார், மிகப் பணிவாக.

அவர் சொன்னதே சரி. அழிக்கச் சொல்லவில்லை நான். நாடாவை மறுபக்கம் திருப்பச் சொல்லி, திருத்தத்தை என் குரலிலேயே பதிந்து கொடுத்தேன்.