மேசையில் ஓர் இடம்

வரலாற்று ஆர்வலர்களாகிய நாங்கள் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு மாலை பழம்பொருட்காட்சி நடத்தினோம். "வீட்டிலுள்ள பழைய பொருள்களைக் கொண்டுவாருங்கள்" என்று தெருத்தெருவாய்ச் சென்று அழைத்திருந்தோம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் டேனியர் கோட்டை எழுப்பத் தொடங்கியது, 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியது, 1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது ஆகியவற்றையெல்லாம் பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். மேசைமேல் பழைய நாணயங்கள் வரிசையாய் இருந்தன.

கூட்டம் கலையும் வேளையில், மீனவர் தெரு மூதாட்டி ஒருவர் முந்தானை முடிச்சிலிருந்து நிழற்படம் ஒன்றை எடுத்து நீட்டினார். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கொண்டுபோன மகன்.

"இதையும் வைக்கலாமா ஐயா? ரொம்பப் பழசு இல்லீங்க."

நாங்கள் நாணித் தலைகுனிந்தோம். 'பழைய' என்ற ஒரு சொல்லால் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்! நானூறு ஆண்டுக் கதை அறிந்த எங்களுக்கு அடுத்த தெருவின் கண்ணீர் தெரியாமற்போயிற்று.

நாணயத் தட்டை நகர்த்திப் படத்தை நடுவில் வைத்தோம். அவர் மகனின் பெயரைச் சொன்னார்; ஏட்டில் எழுதிக்கொண்டோம். ஊரை விற்றவர், வாங்கியவர் பெயர்களை ஆவணங்கள் காக்கும். இந்தப் பெயரை நாமன்றோ காக்க வேண்டும்?

அடுத்த அழைப்பை இப்படித் திருத்தினோம்: "நீங்கள் மறக்க விரும்பாததைக் கொண்டுவாருங்கள்."