நெடுந்தீவுக் கோட்டை வாசலில்

குறிகட்டுவான் இறங்குதுறையில் எல்லோரும் படகில் ஏறிவிட்டோம். எமது மகளிர் குழுவில் ஓர் அம்மா மட்டும் கரையிலேயே நின்றுவிட்டார். நெடுந்தீவில் பிறந்து வேலணையில் வாழ்க்கைப்பட்டவர். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் சென்ற பயணிகள் கடலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தமையனைப் பறிகொடுத்தவர். அதன்பின் அவர் படகில் கால் வைத்ததில்லை.

நான் இறங்கி அவரிடம் போனேன். "ஏலாதெண்டால் விடுங்கோ அம்மா. நானும் உங்களோடை நிக்கிறன்" என்றேன். சிறிது நேரம் கடலைப் பார்த்தவர், "என்ரை கையைப் பிடி பிள்ளை" என்று ஏறிவிட்டார். ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணத்தில் அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. மாவலித்துறையில் இறங்கியதும் நினைவுத்தூபியடியில் பூ வைத்துக் கும்பிட்டார்.

கோட்டை என்றதும் மலையுச்சியும் பெரிய வாயிற்கதவும்தான் மனதில் தோன்றும். நெடுந்தீவிலோ மலையே இல்லை. வைத்தியசாலைக்கு அருகே சிதைந்து நிற்கிறது இக்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதென்றும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் பயன்படுத்தினர் என்றும் கூறுவர். தீவுக்கு 'டெல்வ்ற்' என்று தமது நாட்டு நகரொன்றின் பெயரை இட்டவர்களும் ஒல்லாந்தரே. கடலில் விளைந்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். கூரை இல்லை. வாசல் இருக்கிறது, கதவு இல்லை.

அந்த வாசலில் அம்மா நின்றார். "சின்னனிலை நானும் அண்ணையும் இதுக்குள்ளை ஒளிச்சு விளையாடுவம். அண்ணை எப்பவும் ஒரே மூலைக்குள்ளைதான் ஒளிக்கும். தெரிஞ்சும் தெரியாத மாதிரித் தேடுவன்" என்று சொல்லிச் சிரித்தார். பல வருடங்களாக அவரை அறிவேன். தமையன் எப்படி இறந்தார் என்பதே எமக்குத் தெரிந்திருந்தது. எப்படி வாழ்ந்தார் என்பதை அன்றுதான் கேட்டோம். மற்றப் பெண்களும் தத்தம் உறவுகளின் குறும்புகளைச் சொல்லத் தொடங்கினார்கள். வெயில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் வளவுகளின் கல்வேலிகளைப் பார்த்தோம். அதே முருகைக்கல்தான்; ஆனால் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. விழுந்த கல்லை வீட்டுக்காரர் எடுத்து வைப்பதால் அவை இன்னும் நிற்கின்றன. கோட்டையின் கற்களை எடுத்து வைக்க ஒருவரும் இல்லை.

நீங்களும் குழுவாகப் போய்வாருங்கள். காலைப் படகிலேயே புறப்படுங்கள். குடிதண்ணீரும் குடையும் அவசியம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள். கரையில் தயங்கி நிற்பவர் இருந்தால் அவசரப்படுத்தாதீர்கள்.

திரும்பும்போதும் அம்மா என் கையை விடவில்லை. ஆனால், கண்ணைத் திறந்தபடி இருந்தார். "அடுத்தமுறை பேத்தியையும் கூட்டிவரவேணும்" என்றார்.