முன்னுக்கு உழக்கினவன்

எங்கள் சஞ்சிகையில் ஊர் நினைவுகள் வரும், விசாச் சட்டம் வரும், பிள்ளைகளின் தமிழ் வகுப்புப் பற்றி வரும். சைக்கிளோட்டப் போட்டியைப் பற்றி ஒருவரும் எழுதியதாக நான் காணவில்லை. நான் ஓ.எல். வரைக்கும்தான் படித்தவன். எழுத்துப் பழக்கமும் இல்லை. பிழைகளை ஆசிரியர் திருத்திக்கொள்வார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

ரூர் டு பிரான்ஸ் என்பது உலகத்திலேயே பெரிய சைக்கிளோட்டம். அது 2007ஆம் ஆண்டு லண்டனில்தான் தொடங்கியது. ஜூலை 8ஆம் திகதி கன்ரபரிக்குப் போன ஓட்டம் ரவர் பிறிட்ஜைக் கடந்து, நாங்கள் சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்கப் போகிற டெப்ற்போர்ட் பக்கத்தால் கிறீனிச்சுக்குப் போனது. அப்போது நான் இந்த நாட்டிலேயே இல்லை. பிறகு கேள்விப்பட்டதும் படித்ததும்தான்.

அன்று நெடுநேரம் முன்னுக்குப் போய்ப் பாடுபட்டவர் டேவிட் மில்லர் என்ற பிரித்தானியர். வென்றது அவரில்லை, ரொபி மக்கியூவன் என்ற அவுஸ்திரேலியர். ஓட்டம் முடிய ஏறத்தாழ 20 கிலோமீற்றர் இருக்கும்போது மக்கியூவன் விழுந்து கையை நோகப்படுத்திக்கொண்டார். அவருடைய குழுக்காரர் நின்று காத்திருந்து, தங்களுக்குப் பின்னால் அவரை வைத்து இழுத்துப் போய்ப் பெருங்கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். கடைசி ஒரு நிமிடத்துக்குள் அவர் எல்லாரையும் வெட்டிக்கொண்டு முன்னுக்கு வந்து கையைத் தூக்கினார். 203 கிலோமீற்றர் ஓட்டத்தில் அவர் எல்லாருக்கும் முன்னால் நின்றது கடைசிச் சில மீற்றர்தான்.

இப்படிப்பட்டவர்களை ஸ்பிறின்ரர் என்பார்கள். நான் பாய்ச்சல்காரர் என்று எழுதுகிறேன். மேடு குறைந்த நாட்களில் இவர்கள் நாலைந்து மணித்தியாலம் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். முடிவுக்கு இருநூறு, முந்நூறு மீற்றர் இருக்கும்போது வெளியில் வந்து மணிக்கு 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் பாய்வார்கள். இதை முதன்முதலில் ரிவியில் பார்த்தபோது எனக்கு இது ஒரு களவு போலத்தான் பட்டது.

ஆனால் ஒளிந்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகிற வீதியில் சைக்கிள் ஓடினவர்களுக்கு விளங்கும். இரண்டு பக்கமும் வயல்வெளி, மறைப்பு என்று ஒன்றுமில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சோளகக் காற்று நேர் எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். எங்கள் சின்னம்மா வீடு பூநகரியில் இருந்தது. சின்ன வயதில் அண்ணன் என்னைப் பாரில் இருத்திக் கொண்டுபோவார். பிறகு எனக்கென்று ஒரு பழைய லுமாலா சைக்கிள் கிடைத்தது. அப்போதும் அண்ணன்தான் முன்னுக்கு. "என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வா. சில்லோட சில்லு முட்டாத அளவுக்குக் கிட்ட வா. வெளியில தலையை நீட்டாத," என்பார். அவர் வேர்த்து ஒழுக, பின்னால் நான் பாட்டுப் படித்துக்கொண்டு வருவேன். சின்னம்மா வீட்டுப் படலை தெரிகிற இடத்தில் அண்ணனை வெட்டி முந்திக்கொண்டு போய் மணியடிப்பேன். "தம்பிதான் முதல் வந்தது," என்று சின்னம்மா சொல்லுவா. அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், தண்ணீர் கேட்பார்.

இந்த ஓட்டக்காரர்களின் முழு விளையாட்டும் அந்தச் சோளகத்துக்குள்தான் இருக்கிறது. சம தரையில் வேகமாகப் போகும்போது உழக்குகிற பலத்தில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகும். முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சம். ஒரு குழுவில் இப்போது எட்டுப் பேர். அவர்களில் சிலருடைய வேலை முழுக்க முழுக்கக் காற்றுக்கு முகம் கொடுப்பதும், வாகனத்துக்குப் பின்வாங்கித் தண்ணீர்ப் போத்தல் எடுத்துவருவதும்தான். பிரெஞ்சுக்காரர் அவர்களை வேலைக்காரர் என்ற சொல்லாலேயே கூப்பிடுகிறார்கள்.

மலை வந்தால் கதை வேறு. செங்குத்தில் வேகம் குறைவு, அதனால் காற்றுக்கு மதிப்பில்லை, உடம்புப் பாரம்தான் பகை. தொடையும் தோளும் பருத்த பாய்ச்சல்காரர் அங்கே நாக்குத் தள்ளி நிற்க, ஒல்லியான மலையேறிகள் பறந்துவிடுவார்கள். தனியே நேரத்துக்கு எதிராக ஓடுகிறவர்கள் இன்னொரு சாதி. எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் மஞ்சள் சட்டை கொடுக்கிறபடியால், அது மலையும் தனியோட்டமும் தெரிந்தவருக்கே போகும். பாய்ச்சல்காரருக்குக் கிடைப்பது அந்தந்த நாள் வெற்றியும், புள்ளிக் கணக்கில் வருகிற பச்சைச் சட்டையும்.

இவ்வளவும் எனக்குச் சொல்லித் தந்தவர் பக்ரறியில் என்னோடு வேலை செய்த ஒரு கொலம்பியாக்காரர். 2012இல் எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்து வேலைக்குச் சேர்ந்த புதிது. அவருக்கும் பாதி இங்கிலீஸ், எனக்கும் பாதி. கன்ரீன் மேசையில் கைமுட்டியை மலையாக வைத்து, விரலைச் சைக்கிளாக ஏற்றிக் காட்டுவார். லூச்சோ ஹெரேரா என்பவர் 1984இல் ஆல்ப் டூயெஸ் மலையில் வென்றதை, நேற்று நடந்தது போலச் சொல்லுவார். ரூரில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் கொலம்பியர் அவர். பட்டப் பெயர் சின்னத் தோட்டக்காரன். மலையேறிதான் உண்மையான சைக்கிள்காரன், பாய்ச்சல்காரன் கள்ளன் என்பது அவருடைய தீர்ப்பு. நானும் தலையாட்டினேன்.

அந்த வருடம் ஜூலை 28, சனிக்கிழமை, லண்டன் ஒலிம்பிக்கின் வீதியோட்டம். 250 கிலோமீற்றர். காலையில் நாங்கள் இருவரும் பட்னியில் வீதியோரம் நின்று பார்த்தோம். கூட்டம் ஒரு சூறைக்காற்றுப் போல வந்து போய்விட்டது, ஒரு முகமும் பிடிபடவில்லை. பிறகு எலிபன்ட் அன்ட் காசில் கடைத்தொகுதியில் அவருடைய ஊர்க்காரரின் கோப்பிக் கடைக்குப் போய் மிச்சத்தை ரிவியில் பார்த்தோம். (அந்தக் கடைத்தொகுதி 2020இல் மூடப்பட்டுவிட்டது. நல்ல கோப்பி.)

பிரித்தானியாவின் திட்டம் ஊரறிந்த திட்டம். மார்க் கவென்டிஷ்தான் அப்போது உலகத்தின் மிகச் சிறந்த பாய்ச்சல்காரர். ஐந்து பேர் குழுவில் மற்ற நாலு பேரும் அவரைக் கடைசி வரை கொண்டுவந்து விட வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவர் பிராட்லி விக்கின்ஸ். ஆறு நாளைக்கு முன்னர் பாரிஸில் மஞ்சள் சட்டையோடு ரூரை வென்றவர். இன்னொருவர் அதே ரூரில் இரண்டாவதாக வந்த கிறிஸ் புறூம். ராசாவும் மந்திரியும் பல்லக்குத் தூக்கின மாதிரி. பொக்ஸ் ஹில் குன்றை ஒன்பது முறை சுற்றியபோதும் அவர்கள்தான் முன்னுக்கு நின்று இழுத்தார்கள். மற்ற நாட்டுக்காரர் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கொடுத்தால் வெல்லப் போவது கவென்டிஷ் என்று அவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு கூட்டம் பிரிந்து போனது, அதைப் பிடிக்க முடியவில்லை. அதிலிருந்தும் இரண்டு பேர் பிரிந்தார்கள். கசகஸ்தானின் அலெக்சாந்தர் வினோகூரோவ் தங்கம். கொலம்பியாவின் ரிகோபேர்ட்டோ உரான் வெள்ளி. உரான் கடைசி நேரத்தில் ஒரு பக்கம் திரும்பிப் பார்க்க, மற்றவர் மறுபக்கத்தால் பாய்ந்துவிட்டார். கடை அதிர்ந்தது. யாரோ ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்தா.

கவென்டிஷ் 29ஆம் இடம்.

எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க, எனக்கு அந்த 29தான் கண்ணுக்குள் நின்றது. நாலு பேர் நாள் முழுக்கக் காற்றைக் குடித்து இழுத்தும் 29. 2010இல் என்னை இங்கே அனுப்ப அம்மாவின் காணி ஈட்டுக்குப் போனது. அக்காவின் சங்கிலி போனது. சைக்கிள் கடை போட அண்ணன் சேர்த்து வைத்திருந்த காசு போனது. எல்லாருமாக முன்னுக்கு நின்று இழுத்து, கடைசி இருநூறு மீற்றரில் என்னை விட்டார்கள். வந்து சேர்ந்த நான் வேலை செய்ய அனுமதியில்லாமல் அறைக்குள் கிடந்து, இப்போதுதான் பாண் துண்டுகளுக்கு நடுவே சீஸ் வைக்கிற பெல்ற்றில் நிற்கிறேன். கள்ளன் யார் என்று நான் அன்று யோசித்தேன்.

அதற்குப் பிறகு பாய்ச்சல்காரரை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். மலையேறி தோற்றால் அது அவருடைய தோல்வி. பாய்ச்சல்காரர் தோற்றால் ஏழு பேருடைய நாள் வீண். களைப்பாக இருந்தது, பயமாக இருந்தது என்று அவர் சொல்ல முடியாது. பயப்படவும் காரணம் இருக்கிறது, அந்த வேகத்தில் தோளோடு தோள் இடித்து விழுந்தால் எலும்பு தப்பாது. 2014இல் ரூர் மறுபடி இங்கிலாந்தில் தொடங்கியபோது கவென்டிஷ் முதல் நாளே ஹரகேற்றில் விழுந்து தோள் மூட்டு விலகி வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள், ஜூலை 7ஆம் திகதி, கேம்பிறிட்ஜிலிருந்து லண்டனுக்கு ஓட்டம். வேலை முடிந்து எம்பாங்மன்ற்றில் மழைத் தூறலில் நின்றேன். அன்று தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர் தனியாக முன்னால் ஓடியிருக்கிறார்கள், யான் பார்ட்டா என்ற செக் நாட்டவரும், ஜான்-மார்க் பிடோ என்ற பிரெஞ்சுக்காரரும். முடிவுக்குச் சில கிலோமீற்றர் இருக்கையில் கூட்டம் அவர்களை விழுங்கிவிட்டது. ஜெர்மனியின் மார்செல் கிற்றல் வென்றார். பிடிபடுவோம் என்று தெரிந்தும் ஏன் ஓடுகிறார்கள் என்று கொலம்பியாக்காரரிடம் கேட்டேன். சின்னக் குழுக்கள், நாலு மணித்தியாலம் ரிவியில் சட்டையில் இருக்கிற கொம்பனிப் பெயர் தெரிந்தால் அதுவே சம்பளம் என்றார்.

இன்னொரு விசயம் நான் தெரிந்துகொள்ளப் பல வருடம் எடுத்தது. மலை நாட்களில் ஒரு நேர எல்லை உண்டு. வென்றவருக்குப் பின் குறித்த நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் மறுநாள் ஓட விடமாட்டார்கள். பாய்ச்சல்காரருக்கு அதுதான் உயிர்ப் போராட்டம். 2024 ஜூன் 29, புளோரன்ஸிலிருந்து ரிமினிக்கு முதல் நாள் ஓட்டம். கொதிக்கிற வெயில், மேடும் பள்ளமும். கவென்டிஷுக்கு 39 வயது. சத்தி எடுத்து, கூட்டத்திலிருந்து கழன்று, தள்ளாடிக்கொண்டு வருகிறார். அவருடைய குழுக்காரர் தங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு, அவரைச் சுற்றி நின்று, ஏறத்தாழ 40 நிமிடம் பிந்தினாலும் எல்லைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாலு நாள் கழித்து, ஜூலை 3ஆம் திகதி, சென் வுல்பா என்ற இடத்தில் அவர் வென்றார். ரூரில் அது அவருடைய 35ஆவது நாள் வெற்றி. எடி மெர்க்ஸின் 34ஐ அதுவரை யாரும் தாண்டியதில்லை.

அந்தக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே வினோகூரோவ். முதல் வருடம், ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லியிருந்த கவென்டிஷ் ரூரில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டபோது, இன்னொரு வருடம் ஓடு என்று கேட்டவர் அவர்தான்.

கொலம்பியாக்காரர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். அன்று பின்னேரம் போன் அடித்தார். மெர்க்ஸ் மலையிலும் வென்றார், தனியோட்டத்திலும் வென்றார், ரூரையே ஐந்து தரம் வென்றார், அந்த 34ம் இந்த 35ம் ஒரு தராசில் நிற்காது என்று சண்டை பிடித்தார். அது நியாயம். மெர்க்ஸ்தான் பெரிய ஓட்டக்காரர் என்பதை நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் நான் அழுதது இதற்குத்தான் என்று அவருக்குச் சொல்லவில்லை.

அண்ணனுக்குச் சொன்னேன். அண்ணன் இப்போது பரந்தனில் சின்னதாக ஒரு சைக்கிள் கடை வைத்திருக்கிறார். காணி மீண்டுவிட்டது, அக்காவின் சங்கிலி மீளவில்லை. வட்ஸ்அப்பில் அந்தக் கடைசிப் பாய்ச்சலை அனுப்பினேன். பார்த்துவிட்டு எடுத்தார்.

"உந்த மெல்லிசு ரயர் எங்கட றோட்டுக்கு ரண்டு நாள் தாங்காது," என்றார் முதலில். பிறகு கேட்டார்:

"வெண்டவனுக்கு எவ்வளவு குடுக்கிறவங்கள்?"

"ஒரு நாள் வெண்டால் பதினோராயிரம் ஈரோ."

"முன்னுக்கு உழக்கினவங்களுக்கு?"

"வெண்டவர் தனிய எடுக்கிறேல்லை, அண்ணை. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக் குழுவுக்குள்ள பிரிக்கிறதுதான் வழக்கம். சைக்கிள் திருத்திறவைக்கும் பங்கு இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார்.

"அப்ப என்ர பங்கு எங்கையடா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை அவர் விளங்கிக்கொண்டிருக்க வேணும்.

"சரி விடு. செயின் கழட்டிற சாமான் ஒண்டு, நல்லதாப் பாத்து அனுப்பு. இஞ்ச வாறது ரண்டு தரத்தில ஊசி வளைஞ்சு போகுது."

சனிக்கிழமை லூயிஷாமில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய் அதில் இரண்டு வாங்கினேன். பார்சல் போய்ச் சேர ஆறு கிழமை ஆகும் என்றார்கள்.